பெறுநர் பக்கிரிசாமி

மனித உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட துண்டுகளைச் சோதிப்பதற்காக 1986ஆம் ஆண்டு மலேசியாவின் தானா ராத்தாவில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. உயர்நிலத் திசுப் பரிசோதனைப் பிரிவு என்று அதற்குப் பெயர். இதை ஏன் மலை மேல் கட்டினார்கள் என்ற கேள்விக்குத் திறப்பு விழா மலரில் பதில் இருந்தது. கேமரன் மலை இயற்கையாகவே குளிர்ந்த இடம். ஆகவே திசுக்களைக் குளிரில் வைக்கும் மின்சாரச் செலவில் பாதி மிச்சமாகும். இந்த யோசனையைச் சொன்ன அதிகாரியின் படமும் மலரில் இருந்தது. கம்பளிச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு நின்றார்.

பிரிவில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். பத்துப் பேரிடம் மேசைகள் இருந்தன. பதினோராவது ஆளான சபிஹாவிடம் மைக்ராஸ்கோப் இருந்தது.

நுழைந்தவுடன் கண்ணில் படும் இடத்தில், கடைகளில் குளிர்பானம் வைப்பார்களே, அதைப் போன்ற கண்ணாடிக் கதவு போட்ட ஐஸ்பெட்டி ஒன்று நின்றது. அதற்குள் விளக்கு எரிந்தது. நடுத்தட்டில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி. அதன் கழுத்தில் திறப்பு விழாவன்று கட்டிய சிவப்பு ரிப்பன் இன்னும் இருந்தது. வயிற்றில் அரசாங்கச் சொத்து எண் ஒட்டியிருந்தது. குப்பிக்குள் இருந்த திரவத்தின் பெயர் ஆன்டிபாடி. மார்பில் வரும் புற்றுக்கட்டி சில பெண்களுக்கு உடம்பில் ஊறும் ஹார்மோனை வாங்கித் தின்று வளரும்; சிலருக்கு அப்படியில்லை. கட்டியின் மெல்லிய சீவலில் இந்தத் திரவத்தைச் சொட்டினால், ஹார்மோனை வாங்கும் ரிசெப்டர் என்பது அங்கே இருக்கிறதா என்று நிறம் காட்டிவிடும். திறந்து ஓராண்டு ஆகியும் பிரிவில் யாரும் ஒரு சொட்டுக்கூடச் சொட்டிப் பார்த்ததில்லை.

1987 ஜூன் மாதம் கொழுந்தெடுக்கும் வேலம்மாவுக்குக் கீழே பட்டணத்து ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். அவள் புருஷன் பக்கிரிசாமி தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்பறையில் தேயிலை காயவைப்பவன். ஐம்பத்தொரு வயது. டாக்டர் சொன்னதை ஜைனப் என்ற நர்ஸ் அவனுக்குத் தமிழில் சொன்னாள்.

"அண்ணே, ஒரு மாத்திரை இருக்கு. வீட்ல இருந்துக்கிட்டே சாப்பிடலாம், வேலைக்கும் போலாம். ஆனா கட்டி ஹார்மோனை வாங்கிக்கிற ஜாதியா இருந்தாத்தான் அது கேக்கும். இல்லேன்னா ஊசி மருந்து. கீழ வந்து தங்கணும். முடியெல்லாம் கொட்டிடும், சோறு எறங்காது."

"எந்த ஜாதின்னு எப்படி மிஸ்ஸி தெரியும்?"

"அதுக்குத்தான் உங்க மலையிலயே ஆபீஸ் தொறந்துட்டாங்களே. துண்டை ஐஸ்ல வச்சு ஆஸ்பத்திரி வேன்ல அனுப்புறோம். ஆகஸ்ட்டுக்குள்ள ரிசல்ட் வாங்கிட்டு வந்துடுங்க. அதுக்கு மேல டாக்டர் காத்திருக்க மாட்டாரு."

வீட்டுக்கு வந்ததும் வேலம்மா கேட்டாள். "அந்த மருந்துக்குப் பேரு என்ன சொன்னாங்க?"

"ஆன்டிபாடியாம்."

"ஆண்டி பாடியா? சரிதான். ஆண்டி பாடினாத்தான் கவர்மெண்டு பிச்சை போடும் போல."

*

பிரிவுக்குக் கொடுக்க வேண்டிய பாரம் மலாய் மொழியில் இருந்தது. பக்கிரிசாமி அதை எஸ்டேட் ஆபீசுக்கு எடுத்துப் போனான். அங்கே கணக்கெழுதும் கிராணி சாம்பசிவம் தன் மலாய் ஞானத்தைப் பற்றி மற்றவர்கள் பேசுவதற்கு முன் தானே பேசிவிடுகிறவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாரத்தைப் படித்தார்.

"பெங்கிரிம். அப்படின்னா அனுப்புநர். துண்டு யாருது? வேலம்மாது. அனுப்புநர் வேலம்மா." எழுதினார். "அடுத்தது பெனெரிமா. பெனெரிமான்னா என்னய்யா?"

"தெரியலயே, கிராணி ஐயா."

"பெறுநர்! ஸ்கூல்ல லெட்டர் எழுதினதில்ல? மேல அனுப்புநர், கீழ பெறுநர். ரிசல்ட் யாரு கைக்கு வரணும்?"

"என் கைக்குத்தான்."

"அப்ப நீதான் பெனெரிமா."

"பக்கத்துல ஹார்மோன்னு போட்டிருக்கே ஐயா?"

"அது டிபார்ட்மெண்டு பேரா இருக்கும்லா. நீ என்னா எனக்கு மலாய் சொல்லிக் குடுக்கிறியா?"

ரிசெப்டர் என்ற சொல்லை மலாயில் பெயர்த்தவர் அதற்குப் 'பெனெரிமா ஹார்மோன்' என்று வைத்திருந்தார். ஹார்மோனைப் பெறுவது என்ற பொருளில் அது சரிதான். அந்தக் கட்டத்துக்குள் கிராணி அழகான கையெழுத்தில் எழுதினார்: பக்கிரிசாமி த/பெ காளிமுத்து, ஆண், வயது 51, இருப்பிடம்: தேயிலை அடுப்பறை. எஸ்டேட் முத்திரையையும் குத்தினார்.

பிரிவு பாரத்தை ஏற்றுக்கொண்டு, பெறுநருக்கு 0001 என்ற எண்ணைக் கொடுத்தது. அதுதான் பிரிவு கொடுத்த முதல் எண். வேனில் வந்த துண்டுக்கு எண் மிஞ்சவில்லை. எண் இல்லாத பொருள் பிரிவில் இருக்க முடியாது என்பதால், சபிஹா அதைத் தன் பொறுப்பில் உறைபெட்டியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் எஸ்டேட்டை நடத்தும் துரைக்குப் பிரிவிலிருந்து பதிவுத் தபால் வந்தது. பெறுநரைப் பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரியில் வைத்திருப்பது கட்டாயம். ஆனால் மேற்படி பெறுநர் அடுப்பறையில் வைக்கப்பட்டிருப்பதாகப் பாரத்திலிருந்து தெரிகிறது. வெப்பம் பெறுநரை அழித்துவிடும். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி அறிவிக்கவும்.

அரசாங்கக் கடிதத்தோடு வாதாடும் பழக்கம் துரைக்கு இல்லை. எஸ்டேட்டில் எழுபது டிகிரிக் குளிர் எங்கும் கிடைக்காததால், பக்கிரிசாமியைக் கொழுந்து வாட்டும் மாடிக்கு மாற்றினார். அங்கே நாள் முழுவதும் ஜன்னல் திறந்திருக்கும்; பனிமூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். இருபத்தாறு வருஷம் அடுப்புப் பக்கம் நின்ற மனிதன் மூன்றாம் நாளே தும்ம ஆரம்பித்தான்; ஆகஸ்ட் பாதி ஆகியும் தும்மல் நிற்கவில்லை.

"கட்டி எனக்கு, ஐஸ்ல உங்களை வைக்கிறாங்க" என்றாள் வேலம்மா. கட்டி எடுத்த பக்கத்துக் கையைத் தூக்க முடியாமல் இருந்ததால் ஒரு கையாலேயே அவன் மார்பில் தைலம் தேய்த்தாள். "என்கிட்டேருந்து வெட்டின துண்டு கவர்மெண்டு உத்தியோகத்துல உக்காந்திருக்கு. நமக்குத்தான் ஒரு லாபமும் இல்ல."

சிரித்துவிட்டு, தைலக் கையைப் புடவையில் துடைத்தபடி கேட்டாள். "ஏங்க, முடி கொட்டுமுன்னாங்களே, எல்லாமேவா?"

பக்கிரிசாமி மறுநாளே பஸ் ஏறினான்.

*

பிரிவின் தலைவர் அமிர்தலிங்கம் உள்ளே வருகிறவர்களை நிற்க வைப்பதில்லை. உட்கார வைத்துப் பேசுவார். எழுந்து போக முடியாது.

"சார், நான் ரிசெப்டர் இல்ல. கிராணி மாத்தி எழுதிட்டாரு. ரிசெப்டர் என் சம்சாரத்தோட கட்டிக்குள்ள இருக்கு. இருந்தா."

"இருந்தா!" அமிர்தலிங்கம் ஒரு விரலை உயர்த்தினார். "அங்க இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. ஆனா இங்க நீங்க இருக்கீங்க. ஐசி கார்டு இருக்கு, முத்திரை இருக்கு, எண் இருக்கு. சந்தேகத்துக்கு எடமில்லாத ரிசெப்டர் ஒண்ணு கையில இருக்கிறப்போ, இருக்குமா இருக்காதான்னு தெரியாத ஒண்ணைத் தேடிப் போறது விஞ்ஞானமா?"

"திருத்தி எழுதிக் குடுக்கலாமா சார்?"

"தாராளமா. திருத்தப் பாரம் இருக்கு. ஆனா அதுல பெறுநர்தான் கையெழுத்துப் போடணும். நீங்க பெறுநர் இல்லேன்னா போட முடியாது."

"நான் பெறுநர்தான்னு சொல்லிப் போட்டா?"

"அப்ப எதுக்குத் திருத்தம்?" அமிர்தலிங்கம் அன்பாகச் சிரித்தார். "மிஸ்டர் பக்கிரிசாமி, நான் முப்பது வருஷ சர்வீஸ். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பாரத்துல இருக்கிறது வெளியில இல்லேன்னா, தப்பு வெளியிலதான். வெளியில இருக்கிறதைக் கொஞ்சம் மாத்திக்கணும். பாரத்தை மாத்த ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கெடையாது."

பக்கிரிசாமி இதை மனத்தில் வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அதனால் பயன் எதுவும் இருக்கவில்லை.

வெளியே வந்தவன் ஐஸ்பெட்டியின் முன்னால் நின்றான். பக்கத்து நாற்காலியில் ஸ்டோர் அதிகாரி ஷஹாபுதீன் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் சாவி அவர் கழுத்தில் தொங்கியது.

"இதுதானா சார் அந்த மருந்து?"

"கை வைக்காதீங்க அண்ணே, கண்ணாடில ரேகை விழும்."

"இதுல ரெண்டு சொட்டு எடுத்தாப் போதும்னு கீழ சொன்னாங்க."

ஷஹாபுதீன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "எடுத்தா கொறையும்ல? போன வருஷ ஆடிட்ல மாநிலத்துலயே நம்ம பிரிவுக்குத்தான் மொத பரிசு. ஏன்? அஞ்சு மில்லி வந்துச்சு, அஞ்சு மில்லி அப்படியே இருக்கு. மத்த லேபுல போய்ப் பாருங்க. எல்லாத்தையும் உபயோகிச்சுத் தீத்துட்டு நிக்கிறானுங்க."

"ஒரு சோதனைகூடப் பண்ணலியா சார்?"

"அதான் சொல்றேன்ல அண்ணே. ஒரு தப்பு கெடையாது."

பக்கிரிசாமி குனிந்து குப்பியின் சீட்டைப் பார்த்தான். ஆகஸ்ட் 31 என்று இருந்தது. "அன்னிக்குக் காலாவதி ஆயிடுமே சார்?"

"ஆயிடும். அப்புறமும் அஞ்சு மில்லி அஞ்சு மில்லிதானே?"

அன்று ஆகஸ்ட் 19.

*

பஸ் நிலையத்தில் அவன் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சபிஹா குடையோடு வந்தாள். பிரிவில் அவனோடு இதுவரை பேசாத ஒரே ஆள் அவள்தான். பேச அவளுக்கு அதிகாரம் இல்லை. பஸ் நிலையம் பிரிவுக்குக் கட்டுப்பட்டதல்ல.

"அண்ணே, உங்க சம்சாரத்துத் துண்டு என்கிட்ட பத்திரமா இருக்கு. குப்பியைக் குடுத்தா நான் ஒரே நாள்ல செஞ்சிடுவேன். ஒரு வருஷமா மைக்ராஸ்கோப்பைத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறேன்."

"அவரு குடுக்க மாட்டேங்கிறாரே மிஸ்ஸி."

"எனக்குக் குடுக்க மாட்டாரு. ஸ்டோர் சீட்டு பாத்திருக்கீங்களா?" கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தாள். சாமான், அளவு, தேதி என்று வரிசையாகப் போய், அடியில் கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே ஒரு சொல் அச்சாகியிருந்தது. பெனெரிமா.

பக்கிரிசாமி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஸ்டோர்லேருந்து சாமான் எடுக்கணும்னா பெனெரிமா கையெழுத்துப் போடணும். பதிவான பெனெரிமாவா இருக்கணும். நான் டெக்னீசியன், பெனெரிமா இல்ல. தலைவர்கூட இல்ல. இந்தப் பிரிவு பூராவும் பதிவான பெனெரிமா ஒரே ஒரு ஆளுதாண்ணே."

பக்கிரிசாமி அவளைப் பார்த்தான். பிறகு அந்தச் சொல்லைப் பார்த்தான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அது அவனைப் பார்த்துப் பல்லிளிக்காமல் இருந்தது.

மறுநாள் காலை சீட்டை நீட்டினான். ஷஹாபுதீன் அதை முன்னும் பின்னும் படித்தார். பதிவேட்டைத் திறந்தார். 0001, பக்கிரிசாமி, பெனெரிமா. ஐசியைக் கேட்டு வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார். விதியில் எங்காவது தடை இருக்குமென்று அரைமணி நேரம் தேடினார். இல்லை. அவர் நேர்மையான மனிதர். விதி கொடுக்கச் சொன்னால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். "ரிப்பனை மட்டும் விட்டுட்டுப் போங்க அண்ணே" என்றார். "அதுக்குத் தனி நம்பர்."

*

சபிஹா காலையில் துண்டைச் சீவத் தொடங்கி மாலை நாலு மணிக்கு முடித்தாள். வாசலில் காத்திருந்தவனைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னாள்.

"உள்ள புள்ளி புள்ளியாத் தெரியுதா? என்ன கலர்?"

வெளிர்நீலத் தரையில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. இருபத்தாறு வருஷம் தேயிலையின் நிறத்தைப் பார்த்தே அடுப்பைக் கூட்டிக் குறைத்தவனுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லா ஊறின தேத்தண்ணி மிஸ்ஸி. பால் ஊத்தாதது."

"பழுப்பு வந்தா ரிசெப்டர் இருக்குன்னு அர்த்தம்ணே. பாசிட்டிவ். மாத்திரை கேக்கும்."

பக்கிரிசாமி கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் நிறம் போய்விடுமோ என்று பயந்தவனைப் போல் அப்படியே நின்றான்.

ஆனால் ரிசல்ட்டில் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் நிறத்தை ஒரு குழு உறுதி செய்ய வேண்டும். அமிர்தலிங்கம், ஷஹாபுதீன், மற்றும் தட்டச்சுப் பிரிவிலிருந்து தங்கையா என்று குழு அமைந்தது. சோதனை முறையைச் சொன்ன அரசாங்கச் சுற்றறிக்கையில், ரிசெப்டர் இருந்தால் வர வேண்டிய நிறம் 'சொக்லாட்' என்று இருந்தது. மலாயில் பழுப்புக்கும் அதுதான் பெயர், சாக்லேட்டுக்கும் அதுதான் பெயர்.

"அரசாங்கம் ஒரு சொல்லைச் சும்மா போடாது" என்றார் அமிர்தலிங்கம். பக்கத்துக் கடையிலிருந்து சாக்லேட் ஒன்று வரவழைக்கப்பட்டது. உறையைப் பிரித்து மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைத்து, மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"சாக்லேட்டு ரொம்பக் கறுப்பு" என்றார் தங்கையா.

"இது வெறும் தேயிலை நிறம்" என்றார் ஷஹாபுதீன். "சுற்றறிக்கையில தேயிலை இல்ல."

அமிர்தலிங்கம் பேனாவை மூடினார். "வருத்தமா இருக்கு மிஸ்டர் பக்கிரிசாமி. உங்களை நெகட்டிவ்னுதான் எழுதியாகணும். மனசு விட்டுடாதீங்க. விஞ்ஞானத்துல இதெல்லாம் சகஜம்."

வேலம்மாவின் ஒரு கைத் தைலமும், அவள் தலைமுடியைப் பற்றிக் கேட்டதும் பக்கிரிசாமிக்கு ஞாபகம் வந்தன. கூடவே தலைவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. பாரத்தில் இருப்பது வெளியில் இல்லையென்றால், வெளியில் இருப்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

"சார், பத்து நிமிஷம் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். அதே கடையில் நாலு வகைச் சாக்லேட்டை எடுத்து, உறைகளைக் கடைக்காரர் கத்தக் கத்தக் கிழித்துப் பார்த்து, பால் கலந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். நிறம் பார்ப்பது அவன் தொழில்.

குழு மறுபடி பார்த்தது. அச்சு அசல் அதே நிறம்.

"இப்ப சொக்லாட்" என்றார் தங்கையா.

"எப்பவுமே சொக்லாட்தான். நாம பாத்த சாக்லேட்டுதான் தப்பு" என்று திருத்தினார் அமிர்தலிங்கம். பாசிட்டிவ் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாக்லேட்டுக்கு ஷஹாபுதீன் ஒரு சொத்து எண் கொடுத்து, காலியாகிப்போன ஐஸ்பெட்டியில் குப்பியின் இடத்தில் வைத்தார். ரிப்பனையும் கட்டினார்.

*

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். பக்கிரிசாமி, ஆண், ரிசெப்டர், பாசிட்டிவ். ஜைனப் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்ல வேளை அண்ணே. நெகட்டிவ்னு வந்திருந்தா ஒங்களுக்கு மொட்டை அடிச்சிருப்பாங்க."

வேலம்மாவுக்கு மாத்திரை என்று டாக்டர் எழுதினார். ஆனால் அந்த விலை உயர்ந்த மாத்திரையை வழங்கும் பொறுப்பு பிரிவுக்கு இருந்தது. பிரிவோ பதிவான பெறுநருக்கு மட்டுமே வழங்கும். மாதத்தின் முதல் திங்கள் பக்கிரிசாமி போய்க் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். முதல் மாத்திரையை ஷஹாபுதீன் கண் முன்னால் விழுங்க வேண்டும். அவன் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டு, மூலை திரும்பியதும் கைக்குட்டையில் துப்பி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

"உங்க எச்சில் மாத்திரைதான் நல்லாக் கேக்குதுங்க" என்பாள் வேலம்மா, அதைக் கழுவிக்கொண்டே.

அடுத்த ஆண்டு பிரிவு தன் முதல் வெற்றியைக் கொண்டாடியது. தலைநகரிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். 0001ஆம் பெறுநர் காட்சிக்கு வர வேண்டுமென்று கடிதம் போயிருந்தது. வராவிட்டால் வழங்கல் மறுபரிசீலனை செய்யப்படும். பக்கிரிசாமி இஸ்திரி போட்ட சட்டையோடு ஐஸ்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் எண் குத்தியிருந்தது. வேலம்மா பிளாஸ்கில் தேத்தண்ணியோடு பின்னால் நின்றாள். கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கூந்தலில் இலை ஒட்டியிருந்தது.

அமிர்தலிங்கம் மைக்கில் பேசினார். "ஒரே ஒரு ரிசெப்டர். ஆனா ஓர் ஆண்டா ஒரு குறையும் இல்லாம வச்சிருக்கோம். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி கெடையாது. வெளிநாட்டுல ரிசெப்டரைப் பாக்க மைக்ராஸ்கோப் வேணும். நம்ம ரிசெப்டரை வெறும் கண்ணால பாக்கலாம்!"

கைதட்டல் எழுந்தது. பெரிய அதிகாரி குனிந்து பக்கிரிசாமியின் கையைக் குலுக்கினார். பிறகு வேலம்மாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார்.

ஷஹாபுதீன் பதிவேட்டைப் புரட்டினார். "அனுப்புநர், சார்."

"நல்லா அனுப்பினீங்க" என்றார் அதிகாரி.

"அவரு நல்லா வாங்கிக்குவாரு சார்" என்றாள் வேலம்மா. "நான் என்ன திட்டினாலும் வாங்கிக்கிற ஆளு."

மணி பன்னிரண்டு அடித்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அன்றைய மாத்திரையை எடுத்தாள். தலைவர், ஸ்டோர் அதிகாரி, தலைநகர் அதிகாரி, போட்டோகிராபர் எல்லாருக்கும் முன்னால் அதை வாயில் போட்டு, பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி விழுங்கினாள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டின்படி அவளுக்கு எந்த நோயும் இல்லை.